வளைவு வரை பாதி வழி

அன்பு மகளுக்கு,

அக்டோபர் நடுவில் நீயும் உன் தோழியும் அமெரிக்காவின் யூட்டாவில் ட்ரூயிட் ஆர்ச் என்ற பாறை வளைவைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல இடம், நல்ல மாதம். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் போவது மட்டும்தான் இருக்கிறது. காலை பத்துக்கு நடை, மதியம் வளைவின் எதிரில் சாப்பாடு என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த வளைவு பாதி வழிதான், அம்மா. தண்ணீர், பகல் வெளிச்சம், கால் பலம் மூன்றிலும் பெரிய பங்கைத் திரும்பும் வழிக்கு ஒதுக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் குழப்பமே ஊர் வழியில் வரும். ஆர்ச் என்ற பெயரைப் பார்த்து இதை ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் தேடாதே. இது இருப்பது கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், நீடில்ஸ் என்ற பகுதியில். கேனியன்லேண்ட்ஸ் என்று மட்டும் போனில் போட்டால் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கொலராடோ, கிரீன் என்ற இரண்டு ஆறுகளும் பூங்காவைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கின்றன. உள்ளேயே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சாலை இல்லை. மோவாப் ஊரிலிருந்து தெற்கே 191-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 40 மைல் வந்து, 211-ஆம் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். மோவாபிலிருந்து பார்வையாளர் மையத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள். 211-இல் மாடுகள் சாலையிலேயே நிற்கும், இருட்டில் வேகம் வேண்டாம். பெட்ரோலை மோவாபிலோ மான்டிசெல்லோவிலோ நிரப்பிவிடு, பூங்காவுக்குள் பங்க் கிடையாது. காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர், ஏழு நாள் செல்லும். ஒரே பகலில் போய்த் திரும்பும் நடைக்குத் தனி அனுமதி வேண்டாம். இரவு தங்கினால்தான் வேண்டும்.

தண்ணீர் பிடிக்க வேண்டிய கடைசி இடம் பார்வையாளர் மையமும் அதன் பக்கத்து முகாமும்தான். நடை தொடங்கும் எலிஃபன்ட் ஹில்லில் கழிப்பறை இருக்கிறது, குழாய் இல்லை. அங்கே போகிற கடைசி 3 மைல் மண்சாலை. காய்ந்திருக்கும்போது சாதாரண காரே போகும். ஆனால் வாகன நிறுத்தத்தோடு நின்றுவிடு. அதற்கு அப்பால் போகும் பாதை உயரமான நான்கு சக்கர இழுவை வண்டிக்கும், அதை ஓட்டிப் பழகிய கைக்குமானது. வரைபடத்தில் அதுவும் ஒரு சாலையாகத்தான் தெரியும், ஜி.பி.எஸ். சொல்கிறதென்று ஏறிவிடாதே.

இனி நடை. போக வர சுமார் 17 கிலோமீட்டர். பூங்காவின் கணக்கில் 5 முதல் 7 மணி நேரம். நகரப் பூங்காவில் 17 கிலோமீட்டரை நீ நான்கு மணியில் முடிப்பாய் என்று தெரியும், அந்தக் கணக்கு இங்கே உதவாது. முதல் கால் மணி நேரம் ஏற்றம். பிறகு வெறும் பாறைத் தளங்களிலும், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடுக்கிலும் பாதை போகும். இரண்டு மைல் கடந்ததும் எலிஃபன்ட் கேனியனுக்குள் இறங்குவாய். அங்கே பிரிவுப் பலகை இருக்கும். செஸ்லர் பார்க் என்ற இடத்தின் பக்கம் போகாமல் தெற்கே, ஓடை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஏறிப் போக வேண்டும். இன்னும் மேலே போனால் மேற்கே செஸ்லர் பார்க்குக்கு மறுபடி ஒரு கிளை பிரியும். அதையும் விட்டுவிடு. ஒவ்வொரு பலகையையும் நின்று படி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள். திரும்பும்போது களைப்பில் மூளை ஓடாது, அந்தப் படம் உதவும்.

நேரத்தைத் தின்பது வறண்ட ஓடைப் படுகைதான். ஆழமான மணலும் உருட்டுக் கற்களும் மாறி மாறி வரும். மணலில் முன்கால் ஊன்றித் தள்ளும்போது பாதி விசை பின்னால் சரிந்து போய்விடும். தொடையும் கெண்டைக்காலும் சமதரையிலேயே ஏற்றம் ஏறுகிற வேலையைச் செய்யும். மணலுக்குச் சின்னச் சின்ன அடியாக, முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து நட. ஓரத்தில் ஈரம் இறுகிய மணலும் பாறைத் திட்டும் கிடைத்தால் அதில் ஏறிக்கொள்.

ஆனால் ஓரம் என்று சொன்னேனே, ஓடைக்கு வெளியே உள்ள மண்ணில் கால் வைக்கக் கூடாது. குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். அந்த மண்ணின் மேல் வெயிலில் காய்ந்த வடகம்போல முண்டும் முடிச்சுமாக ஒரு கருமையான பொருக்கு படிந்திருக்கும். அது உயிருள்ள மண். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் ஈரம் பட்டதும் மணலுக்குள் ஊர்ந்து, பின்னால் பசை இழைகளை விட்டுச் செல்கின்றன. அந்த இழைகள்தான் மணலைக் காற்றுக்குப் பறக்காமல் கட்டி வைத்திருக்கின்றன. காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணுக்குக் கொடுப்பதும் அதுதான். ஒரு மிதியில் நொறுங்கினால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். படம் எடுப்பதற்காகக்கூட நான்கடி தள்ளிப் போகாதே. பாறை, ஓடை மணல், இருக்கும் தடம், இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் கால் படக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

பாறைத் தளத்தில் தடம் பதியாது. அதனால் வழியைக் காட்டச் சிறு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கல் அடுக்கின் அருகே நின்று அடுத்தது கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும். அப்படிப் பார்க்காமல் நகர்ந்துவிட்டு, ஐந்து நிமிடம் நடந்தும் அடுத்தது தெரியவில்லையென்றால், முன்னால் போய்த் தேடாமல் கடைசியாகப் பார்த்த அடுக்குக்கே திரும்பு. மணலில் உள்ள காலடிகளை நம்பாதே. வழி தவறிப் போனவர்களும் காலடி விட்டுத்தான் போயிருப்பார்கள். நீயாகப் புதிதாகக் கல் அடுக்கவும் வேண்டாம், அது பின்னால் வருபவரைத் திசை திருப்பும்.

கடைசி 400 மீட்டர்தான் இந்த நடையின் சோதனை. செங்குத்தாக ஏறும். ஓர் ஏணியும், கையையும் சேர்த்து ஊன்ற வேண்டிய பாறைப் படிகளும், சரளைச் சரிவும் உண்டு. ஊன்றுகோலை மடக்கிப் பையில் கட்டிவிடு. ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். ஏணிக்கு முகம் காட்டி, இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடியில் இருக்கும்படி ஏறு, இறங்கு. சரளைச் சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. கல் உருண்டால் சத்தமாகக் "கல்!" என்று கத்து. கை வைக்கும் இடுக்கை முதலில் கண்ணால் பார். பாம்புக்கும் அந்த நிழல் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு படியிலும் ஏறுமுன் திரும்பி, இதே வழியில் இறங்க முடியுமா என்று கேட்டுக்கொள். ஏறும்போது பிடி முகத்துக்கு நேரே தெரியும். இறங்கும்போது காலால் துழாவ வேண்டியிருக்கும், அதுவும் களைத்த காலால். சந்தேகம் வந்தால் அங்கேயே நின்றுவிடு. கால் முட்டியோ கணுக்காலோ போவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

பாறையின் பிடி நன்றாகவே இருக்கும், காய்ந்திருக்கும் வரை. மணல் தூவிக் கிடந்தாலோ மழையில் நனைந்தாலோ வழுக்கிவிடும். இரவுக் குளிர் கடுமையாக இருந்தால் நிழல் விழும் இடங்களில் காலையில் உறைபனியும் படிந்திருக்கலாம். மழை பெய்த கையோடு அந்தச் சரிவில் ஏறாதே.

மழை என்றதும் திடீர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் இடிமழைக் காலம் என்றாலும், அக்டோபரிலும் வந்துவிடலாம். நீ நடக்கும் பாதையின் பெரும்பகுதி ஓடைப் படுகை. மேலே பல மைல் தள்ளிப் பெய்த மழை பாறைமேல் உறிஞ்சப்படாமல் அப்படியே ஓடி வரும், உன் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே. காலையில் பார்வையாளர் மையத்தில் வானிலையை ரேஞ்சரிடம் (பூங்கா அலுவலரிடம்) கேள். மழை வாய்ப்பு இருந்தால் அன்றைக்குப் போகாதே. நடுவில் தண்ணீர் கலங்கி வந்தால் ஓட முயலாமல் பக்கத்திலேயே உயரமான இடத்தில் ஏறி உட்கார். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், பங்கு போட்டுக்கொள்ளாமல் தனித்தனியாக. காரில் இன்னொரு 4 லிட்டர் இருக்கட்டும். குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் எல்லாவற்றையும் ஊற்றாதே. எவ்வளவு குடித்தாய் என்று தெரியாது, ஓட்டை விழுந்தால் முழுதும் போய்விடும். பையில் 2 லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. வளைவை அடையுமுன்பே பையிலிருந்த 2 லிட்டரும் தீர்ந்துவிட்டால், எவ்வளவு அருகில் இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடு. உப்புள்ள தீனி கட்டாயம் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பின் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் குடிப்பார்கள், அதுதான் ஆபத்து. வழியில் பாறைக் குழிகளில் தேங்கிய நீர் தென்படலாம். அதைக் கணக்கில் சேர்க்காதே. கையையும் விடாதே. உள்ளே சின்னஞ்சிறு இறால்வகை உயிரிகள் வாழ்கின்றன, சன்ஸ்கிரீன் கலந்தாலே அவற்றுக்குக் கேடு.

மற்றச் சாமான்கள் சுருக்கமாக: உள்ளங்காலில் நல்ல ரப்பர் உள்ள, ஏற்கெனவே அணிந்து பழகிய ஷூ. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி. ஷூவுக்குள் மணல் போனால் உடனே உட்கார்ந்து கொட்டிவிடு. தோல் சூடாக உரசுகிற உணர்வு வந்ததுமே டேப் ஒட்டு, கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, போன் வெளிச்சம் போதாது. விசில், மெல்லிய குளிர் ஜாக்கெட், இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், அதோடு காகித வரைபடமும். குப்பையையும் கழிப்பறைக் காகிதத்தையும் திரும்பக் கொண்டுவர மூடும் பை.

நேரக் கணக்கு இதோ. அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் உதிப்பது காலை ஏழரையை ஒட்டி, மறைவது மாலை ஆறே முக்காலுக்கு முன். பள்ளத்தாக்கின் அடியில் அதற்கு முன்பே மங்கிவிடும். உன் திட்டத்தில் இருக்கிற பத்து மணியை எட்டு ஆக்கு. எங்கே இருந்தாலும் மதியம் 12:30-க்குத் திரும்ப வேண்டும். இருவரும் முதல் நாள் இரவே இதற்கு ஒப்புக்கொள்ளுங்கள். வளைவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு பேசினால் யாருக்கும் மனது வராது.

சுமார் 150 அடி உயரமான அந்தப் பாறையின் எதிரில் நிற்கும்போது ஒன்றைக் கவனி. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும் அந்தப் பகுதியின் பாறைக்குச் சீடர் மேசா மணற்பாறை என்று பெயர். அடியில் ஆழத்தில் ஒரு கனத்த உப்புப் படுகை இருக்கிறது. அது மெதுவாக நகர நகர மேலே உள்ள பாறை நீள நீளமாக விரிசல் விட்டது. விரிசலில் இறங்கிய மழைநீர் மணல் துகள்களைப் பிடித்திருந்த சுண்ணத்தைக் கரைத்தது, உறைந்த நீர் பிளந்தது. நீ காலையில் நுழைந்த அந்த இடுக்கும் இதே விரிசல்தான். இந்த வேலை நிற்கவில்லை. ஆர்ச்சஸ் பூங்காவில் 1991-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து பெரிய பாளம் விழுந்தது. 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் முழுதுமே சரிந்தது. வளைவின் மேல் ஏறுவதைத் தடை செய்திருப்பது பாறைக்காகவும் உனக்காகவும்தான்.

கடைசியாக, நீ சொல்லிவிட்டுப் போக வேண்டிய ஆள் நானில்லை. உனக்கு மாலை இருட்டும்போது எனக்கு விடியற்காலை, இங்கிருந்து உங்கள் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் உங்கள் ஊருக்குப் போகாது. பாதையில் போன் சிக்னல் இருக்காது. அதனால் உன்னோடு வேலை பார்ப்பவர் யாராவது ஒருவரிடம் காரின் எண், எலிஃபன்ட் ஹில் என்ற பெயர், போகும் பாதை, இரவு 9 மணி என்ற கெடு, சான் ஹுவான் கவுண்டி ஷெரிஃப் (அந்த வட்டாரப் போலீஸ்) அலுவலக எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடு. சிக்னலுக்காக நீ திரும்ப ஓட்ட வேண்டிய தூரத்தையும் சேர்த்துத்தான் ஒன்பது என்கிறேன். இரண்டு நாளுக்கு ஒரு செயற்கைக்கோள் செய்திக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள், பணத்தைப் பார்க்காதே. யாருக்காவது அடிபட்டால் இருக்கும் இடத்திலேயே நிழலில் இருந்து, விசிலை மும்மூன்றாக ஊதுங்கள்.

அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் எனக்கு இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
அப்பா