கீழ்த்தொட்டிக் கசடும் மலையகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிருள்ள பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி பற்றி அண்மையில் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, தொட்டிக்குக் கீழே வைத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ‘சம்ப்’ எனப்படும் கீழ்த்தொட்டி வழியாக மணிக்குத் தொட்டி நீரின் பத்து மடங்கு ஓடினால், மீன்கழிவும் மிஞ்சிய தீனியும் சேர்ந்த கசடே தங்காது என்கிறது. கொழும்பிலும் அது சரிவராது. ஹற்றன், நுவரெலியாப் பக்கம் கசட்டால் வரும் கேடு இன்னும் கூடுதல்.

90 × 45 × 50 சென்ரிமீற்றர் தொட்டி ஏறக்குறைய 200 லீற்றர். மணிக்கு 1000 லீற்றர், அதாவது ஐந்து மடங்கு, அதற்குத் தாராளம். பவளம் கேட்கும் வேகமான ஓட்டத்தை மேல்தொட்டிக்குள் வைக்கும் அலைப்பம்பிகள் கொடுக்கட்டும். பம்பிப் பெட்டியில் அச்சிட்ட அளவையும் நம்பவேண்டாம். தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது அது. ஒன்றரை மீற்றர் ஏற்றும்போது பாதியாகிவிடுவதும் உண்டு. மேலே தண்ணீர் விழும் வாயில் 10 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 36 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 1000 லீற்றர்.

இந்த ஓட்டம் 30 சென்ரிமீற்றர் அகலமும் 25 சென்ரிமீற்றர் நீராழமும் உள்ள சம்ப்பில் செக்கனுக்கு 0.4 சென்ரிமீற்றர்கூட நகராது. இரு மடங்காக்கினாலும் முக்கால் சென்ரிமீற்றர்தான். கசடு படியத்தான் செய்யும். ஆனால் சம்ப்பை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள 2.5 சென்ரிமீற்றர் இடுக்கில் வேகம் பத்து மடங்கு. அங்கே ஓட்டத்தைக் கூட்டினால் குமிழிகள் மேலேறித் தப்பமுடியாமல் பம்பிக்குள் போய், மேல்தொட்டி முழுக்கப் பால்போல் மங்கும்.

ஆகவே கசட்டைத் தடுக்கப் பார்ப்பதைவிட, கை எட்டும் இடத்தில் படியவிடுவதே புத்தி. மேலிருந்து தண்ணீர் வந்து விழும் முதல் அறையை வெறுமையாக விடுங்கள். 200 மைக்ரோன் வடிகட்டிப் பையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அடைத்த பையின் விளிம்பால் தண்ணீர் வழிந்து போகும். உள்ளே சிக்கிய தீனி ஓடும் நீரிலேயே அழுகி நைட்ரேற்றாகும். நடு அறையில் கல் போடுவதானால் தரையில் குவிக்காமல், பிளாஸ்ரிக் தட்டி மேல் 5 சென்ரிமீற்றர் உயர்த்தி வையுங்கள். வாரம் ஒருமுறை பம்பியை நிறுத்தி, 12 மில்லிமீற்றர் குழாயால் அடியிலிருந்து 20 லீற்றர் உறிஞ்சி எடுத்தால் தண்ணீர் மாற்றும் வேலையும் அதோடு முடிந்தது. பல மாதம் கிடந்த சம்ப்பை ஒரே நாளில் கலக்கிக் கழுவுவது ஆபத்து. கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்தால் வாரத்துக்கு ஓர் அறை மட்டும், கிளறாமல் உறிஞ்சி எடுங்கள்.

மலையில் இதற்கு அவசரம் கூடுதல். நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். அதே வெப்பநிலையில், அதே உப்பில் தண்ணீர் ஏற்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. இருப்பதையும் அழுகும் கசடு தின்றால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பீலித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று உப்பைக் கரைத்துவிடவும் கூடாது. தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கும் இடம் இது. செம்பு பவளத்துக்கும் நத்தைக்கும் நஞ்சு. கரைந்த உலோகத்தையும் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி கட்டாயம்.

தொட்டி 25, 26 பாகையில் நிற்கவேண்டும், அறையோ குளிர். அதனால் ஆவியாதல் அதிகம். குறையும் நீர்மட்டம் பம்பி அறையில் மட்டுமே தெரியும். ஹீற்றரை அங்கே வைத்தால் நீருக்கு வெளியே தெரிந்து வெடிக்கக்கூடும். நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவி நிற்கும், மட்டம் மாறாத அறையே அதற்கு இடம். குறைந்ததை உப்பில்லாத நீரால் நிரப்புங்கள்.

கட்டுரை தொடாதது மின்வெட்டு. பம்பி நின்றதும் மேலேற்றும் குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சும். குழாய் வாய் நீர்மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் 40 லீற்றர் இறங்கும். 75 × 30 × 40 சென்ரிமீற்றர் சம்ப்பில் 25 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் மேலே மிஞ்சும் இடம் 33 லீற்றர்தான். வாயை 2 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினால் இறங்குவது 8 லீற்றர். குழாய்களில் நிற்பது தனி. காற்று புகுந்து உறிஞ்சல் நிற்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மில்லிமீற்றர் துளையும் இடுங்கள். பாசியும் உப்பும் அதை அடைக்கும். மாதம் ஒருமுறை ஈர்க்கால் குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை நம்பி நித்திரை கொள்ளமுடியாது, ஒரு மணல் துகள் சிக்கினாலும் மூடாது.

இதையெல்லாம் செய்தபின் பகலில், ஆள் நிற்கும்போதே ஆளியை அணைத்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று பார்த்து, அது வழியாமல் இருக்க, பம்பி ஓடும்போது நிற்கவேண்டிய மட்டத்தைச் சம்ப் கண்ணாடியில் கோடு கீறி வையுங்கள். நிரப்பும்போது அந்தக் கோட்டைத் தாண்டவேண்டாம்.

இங்ஙனம்,
வாசகர்,
ஹற்றன்