நியூயார்க் எவ்வளவு தூரம்?

அன்புள்ள செல்வம்,

இங்கு சிங்கப்பூரில் அனைவரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபமாக இருப்பதாகக் குட்டை மணி சொன்னான். கோபம் நியாயமானதுதான், ஆனால் இனியும் எழுதாமல் இருக்க முடியாதபடி ஒரு செய்தி வந்திருக்கிறது. கார்த்தி வேலை கிடைத்து நியூயார்க் போய்விட்டான். மே மாதம் நானும் கமலாவும் அவனைப் பார்க்கப் புறப்படுகிறோம்.

அன்றிலிருந்து என் மனம் முழுவதும் அந்தப் பயணத்தின் தூரத்திலேயே இருக்கிறது. வரைபடத் தேர்வில் நீ ஆஸ்திரேலியாவை எங்கே வரைந்தாய் என்பதைப் பூகோள சாரும் மறந்திருக்கமாட்டார், நானும் மறக்கவில்லை. ஆகையால் பூமி உருண்டையை வைத்தே சொல்கிறேன். ஒரு நூலின் முனையைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை தளர்வில்லாமல் இழுத்துப் பார்த்தேன். நூல் பசிபிக்கின் மேலும் போகவில்லை, ஐரோப்பாவின் மேலும் போகவில்லை. சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏறி, வட துருவத்தின் அருகே கடந்து, கனடா வழியாக இறங்கியது! இவ்வூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் அவ்வூர் மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், உலகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே நிற்கின்றன. அந்தக் குறுக்கு வழியே சுமார் 15,350 கிலோமீட்டர்.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை என்பதுதான் என்னை வியக்கவைத்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று, குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டிவிடும். ஆகவே பசிபிக்கின் மேல் சுற்றிப் போனாலும், அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது தூரம் கூடி நேரம் குறைகிறது. திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கிழக்கு நோக்கியே வருகிறார்கள். போய்வந்தால் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியதாகிவிடும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு இடைநிற்காத சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின் கொண்ட அந்த ஏர்பஸ்ஸின் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தி, இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு 2018இல் மீண்டும் தொடங்கினார்கள். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் அந்த விமானத்தில் 161 இருக்கைகளே உண்டு. சாதாரண வகுப்பு கிடையாது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டணம் பெரிய பாரம்தான்.

என் கவலை பணத்தைப் பற்றியது மட்டுமன்று, செல்வம். பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் இருந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும் என்கிறார்கள். கமலாவின் கால் வீக்கம் இன்னும் முழுமையாக வடியவில்லை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் இடையில் இறங்கி நடக்கலாம், கட்டணமும் குறையும். ஆனால் மொத்தப் பயணம் ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும். நேராகப் போகலாம் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

உன் மைத்துனர் மருத்துவராயிற்றே. அழுத்தக் காலுறை போதுமா, முன்கூட்டியே மாத்திரை ஏதும் வேண்டுமா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவேண்டும் என்று கேட்டு எழுது. இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

அன்புடன்,
ராமு