ஏழு வாளிகளும் ஒரு பதிவேடும்: தன்லின் தமிழ்ச் சபையின் கூரைப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும், எங்கள் ஊரை அறிந்த மற்ற எல்லோருக்கும் ஆலயக் கட்டடப் பணிக் குழுவின் வணக்கம்.

ஆடி மாதத்து ஞாயிறுகளில், மியான்மரில் ரங்கூனை (யாங்கோன்) அடுத்த தன்லினில் இருக்கும் எங்கள் ஆலயத்துக்கு வந்தவர்களுக்கு அந்த வாளிகளைத் தெரியும். மொத்தம் ஏழு. நடுவழியில் மூன்று, பெண்கள் வரிசையில் இரண்டு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒன்று, பிரசங்க பீடத்துக்கு நேர் கீழே ஒன்று. மழை வலுத்தால் தகரத்தின் சத்தத்தில் பிரசங்கம் காதில் விழாது. ஐயர் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, "ஒரு கீர்த்தனை பாடுவோம்" என்பார். சென்ற மழைக்காலத்தில் நாங்கள் பாடிய கீர்த்தனைகளுக்குக் கணக்கில்லை. சிறுவர்களுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ஒழுகலோடு நின்றிருந்தால் இந்த வேண்டுகோளை எழுதியிருக்க மாட்டோம். சென்ற கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஏணி வைத்து ஏறியவர், சுவருக்குள் நுழையும் இடத்தில் ஓர் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். தேக்கு 'டங்' என்று சொல்ல வேண்டும். அது பூசணிக்காய் மாதிரிச் சத்தம் கொடுத்தது. பதினோரு உத்திரங்களையும் தட்டிப் பார்த்தோம். நான்கின் முனைகள் உளுத்திருக்கின்றன.

காரணம் வெகுநாள் சங்கதி. 2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் கூரையில் பாதியைக் கொண்டு போனது. மறுநாள் ஊரெல்லாம் தகரம் தேடிற்று. கிடைத்த மெல்லிய தகட்டை, ஆணிக்கு வளையம்கூடப் போடாமல், அன்றைய அவசரத்துக்கு அடித்தோம். ஆணித் துளை வழியே நீர் இறங்கிச் சுவரின் தலையில் நின்றது. சுவர் பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு நனைந்தாலும் மூச்சு விடும். வெயில் வந்தால் உலர்ந்துவிடும். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கான்ட்ராக்டர், "உறுதியாக இருக்கும்" என்று சொல்லி வெளிப்புறம் முழுவதும் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். நாங்களும் பளபளப்பைப் பார்த்து மயங்கிச் சரி என்றோம். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது உத்திர முனைகளைத் தின்றது. பழியில் பாதி எங்களுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. தன்லினை எங்கள் பெரியவர்கள் இன்றும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். 1886-இல் கிளாஸ்கோ நகரத்தாரால் தொடங்கப்பட்ட பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இங்கே இருந்தது. வடக்கே ஏனாங்யாவுங் கிணறுகளின் எண்ணெய் குழாய் வழியே இங்கே வரும். ஆலையில் தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். துரைமார் ஸ்காட்லாந்துக்காரர்கள், அவர்கள் சபை பிரஸ்பிட்டேரியன். எங்கள் முன்னோரில் சிலர் செங்கல்பட்டுப் பக்கத்து ஸ்காட்லாந்து மிஷன் கிராமங்களிலிருந்து அதே முறையைக் கையோடு கொண்டு வந்தவர்கள். அந்தத் தாய்ச் சபை 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையோடும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடும் சேர்ந்துவிட்டது. தாய் வீட்டில் பெயர்ப் பலகை இரண்டு முறை மாறியது; கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பழைய பலகையோடே இருக்கிறோம்.

சென்னை எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தைப் பார்த்தவர்கள் அந்த உயரத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். எங்களுடையது முன்திண்ணை வைத்த ஒரு நீண்ட கூடம், அவ்வளவே. வேறு சபைக்காரர்கள் உள்ளே வந்தால் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். பலிபீடம் இல்லை, சொரூபம் இல்லை. நடுவில் பிரசங்க பீடம், அதற்கு முன்னால் இராப்போஜன மேசை. பேராயரும் இல்லை. சபை கூடித் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் உட்கார்ந்து பேசி, ஒத்துவராவிட்டால் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். மெதுவான முறைதான். இந்தக் கூரை விஷயத்திலேயே மூன்று கூட்டம் ஆயிற்று. இளைய மூப்பர்கள், "இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் இரண்டு மாடியாகக் கட்டுவோம், கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாம்" என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. பழுது பார்ப்பது என்று முடிவாயிற்று. எத்தனைக்கு எத்தனை என்பது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

முடிவை மாற்றியது கட்டடம் அல்ல, ஒரு பதிவேடு என்று சொன்னால் மிகையில்லை. மூன்றாவது கூட்டத்தின்போது ஒழுகல் அலமாரி வரை வந்துவிட்டதா என்று பார்க்க ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தோம். தோல் அட்டை, கையிரண்டும் வேண்டிய கனம். மை பழுப்பாகிவிட்டது. பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், தகப்பனின் தொழில், சாட்சிகள். தொழில் என்ற கட்டத்தில் 'ஆலை', 'ஆலை', 'ஆலை' என்றே பக்கம் பக்கமாக ஓடும். இடையில் ஒரு 'தையல்', ஒரு 'படகு', ஒரு 'பால்'. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஞானஸ்நானங்கள் பதிவாகியிருக்கின்றன. 1942 மார்ச் 7 அன்று, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று ஆங்கிலேயரே இந்த ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். பதிவேட்டில் அங்கே நான்கு பக்கம் வெறுமை.

அந்தப் பக்கங்கள் தவறிப்போய் விடப்பட்டவை அல்ல. போருக்குப் பின் திரும்பி வந்த உபதேசியார் வேண்டுமென்றே விட்டுவைத்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடந்தே இந்தியாவுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் நம் சபையாரும் உண்டு. வழியில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் என்றாவது வந்தால் எழுத இடம் வேண்டும் அல்லவா? இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்றில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'தமு போகும் வழி' என்று எழுதியிருக்கிறது; தமு இந்திய எல்லையோரத்து ஊர். மிச்சம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பக்கத்தின் மேல் ஓரத்தில் சென்ற ஆண்டு மழையின் கறை, உள்ளங்கை அளவுக்கு.

அதைப் பார்த்த பிறகு இடிப்பதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

1964-இல் மறுபடியும் புறப்பாடு. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, அந்த மே மாதமே ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. (கியாட் என்று எழுதுவார்கள், நாங்கள் சொல்வது சாட்.) சபையில் பாதிக்கு மேல் கப்பல் ஏறிற்று. 1966-இல் வெளிநாட்டு மிஷனெரிகளும் போனார்கள். துரையும் இல்லை, மிஷனும் இல்லை. இங்கே தங்கிவிட்டவர்கள் ஞாயிறு தவறாமல் மணி அடித்தார்கள். அப்போது போனவர்களின் பேரப்பிள்ளைகள் வியாசர்பாடியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இன்றும் கேட்டு எழுதுகிறார்கள்: "எங்கள் தாத்தாவின் ஞானஸ்நானம் உங்கள் ஏட்டில் இருக்கிறதா?" பெரும்பாலும் இருக்கிறது. நகல் எடுத்து அனுப்புகிறோம். இதற்குக் கட்டணம் வாங்கியதில்லை. இந்த வேண்டுகோள் முதலில் உங்களுக்குத்தான்.

இன்றைய சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் தமிழ் படிப்பார்கள். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்காகக் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பர்மியரின் நாக்கில் ரகரம் யகரமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கத்தில் பிள்ளைகள் 'இரக்கம்' என்று இருப்பதை 'இயக்கம்' என்று முழங்குவார்கள். "தேவ இயக்கம்" என்று நாற்பது குரல் எழும்பும்போது முன்வரிசைப் பாட்டிமார் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் ஞாயிறு பிற்பகல் தமிழ் வகுப்பைத் திண்ணையில் மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். மழை பெய்தால் வகுப்பு இல்லை, திண்ணையும் ஒழுகுகிறது.

மாலையில் இதே கூடத்தில் வேறொரு கூட்டம். இன்று மியான்மரில் பிரஸ்பிட்டேரியன் என்றால் காலேமியோவை அடுத்த தாஹான்தான் தலையிடம். வேல்ஸ் மிஷன் வழியில் வந்த மிசோ மக்கள். அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் தங்கள் மொழியில் ஆராதிக்கிறார்கள். கூரைச் செய்தி கேட்டதும் அவர்கள்தான் முதலில் காணிக்கை கொண்டு வந்தார்கள், அரிசியாக. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது மிசோரத்தில் 1910-இல் தொடங்கிய வழக்கமாம். எங்கள் பாட்டிமார் சிரித்துவிட்டார்கள். பிடி அரிசி நம் வீடுகளிலும் இருந்ததுதான். பானை மட்டும் எங்கேயோ போய்விட்டது. இப்போது பதினாறு வீடுகளில் பானை திரும்பி வந்திருக்கிறது. மாதக் கடைசியில் அரிசியைச் சேர்த்து ஏலம் போடுகிறோம். அறுப்பின் பண்டிகையில் எதிர்த் தேநீர்க் கடைக்காரர், புத்த மதத்தவர், ஒரு பூசணிக்காயை மூன்று முறை ஏலத்தில் எடுத்து மூன்று முறையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி வேலை விவரம். நல்ல கனத் தகடாக 240 தகரம், வளையத்தோடு ஆணிகள். நான்கு உத்திரங்களை முழுக்க மாற்ற வேண்டியதில்லை. உளுத்த முனையை மட்டும் அறுத்துவிட்டுப் பழைய தேக்கிலேயே ஒட்டுப்போடலாம் என்று தச்சர் சொல்கிறார். வெளிச்சுவரின் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்தவர் கிடைப்பாரா என்று கவலைப்பட்டோம். பழைய பாயாக்களில் (புத்தர் கோயில்களில்) பூச்சு வேலை செய்கிற கொத்தர் ஒருவர் கிடைத்திருக்கிறார். சிமெண்டுப் பூச்சை விரலால் தட்டிப் பார்த்து, "யார் செய்தது?" என்று கேட்டார். நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம். பதிவேட்டுக்கு ஈரம் புகாத ஓர் இரும்பு அலமாரியும் வாங்க வேண்டும்.

மொத்தச் செலவு இவ்வளவு என்று ஏன் அச்சிடவில்லை என்று கேட்பீர்கள். தகரத்தின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இன்று அச்சிடும் தொகை நீங்கள் படிக்கும் நாளில் பொய்யாகிவிடும். ஆகவே பொருளாகக் கேட்கிறோம். ஒரு தகரம் தருகிறேன், பத்துத் தகரம் தருகிறேன், ஓர் உத்திர முனைக்கான தேக்கு தருகிறேன் என்று சொல்லுங்கள். அன்றைய விலையைப் பொருளாளர் சொல்வார். கூலி மட்டும் பணமாக வேண்டும். பணம் இல்லாதவர்கள் சிமெண்டு கொத்தும் நாட்களில் கையுதவிக்கு வரலாம், சாப்பாடு சபையுடையது. முதல் நாளைக்கு மோகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) என்று பெண்கள் சங்கம் அறிவித்துவிட்டது.

நன்கொடையை ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடமோ செயலாளரிடமோ கொடுக்கலாம். இரண்டு மூப்பர்கள் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லிக் கைபேசியில் பணம் கேட்பவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள உறவினர் மூலம் தருவதே நல்லது. வரவு செலவு மாதந்தோறும் திண்ணைப் பலகையில் ஒட்டப்படும். சலவைக்கல்லில் பெயர் பொறிப்பீர்களா என்று இருவர் கேட்டார்கள். பொறிக்க மாட்டோம். கொடுத்தவர் பெயரெல்லாம், ஒரு தகரம் ஆனாலும் நூறு ஆனாலும், ஒரே அளவு எழுத்தில் சபை ஏட்டில் ஏறும்.

தை பிறந்ததும் கூரையைப் பிரிக்கிறோம். சித்திரையில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் மூடிவிட வேண்டும். வைகாசியில் மழை காத்திருக்காது.

கடைசியாக, பணமல்லாத ஒரு கேள்வி. முன்முகப்பில் வலப்பக்க ஜன்னல் போருக்குப் பிறகு செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. பூச்சை எடுக்கும்போது அதைத் திறக்க எண்ணுகிறோம். அது வளைவாக இருந்ததா, சதுரமாக இருந்ததா என்பதில் எங்கள் பெரியவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அந்த வாசலில் நின்று எடுத்த கல்யாணப் படம் உங்கள் வீட்டுப் பெட்டியில் எங்காவது இருந்தால், மணமக்களின் தலைக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்து எழுதுங்கள். படத்தைக் கொடுத்தனுப்பினால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஆலயக் கட்டடப் பணிக் குழு
தன்லின்