கிளிகளைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்

வேலூர் கோட்டைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன். சனிக்கிழமை காலையில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது பல வருஷப் பழக்கம். போன மாதம் ஒரு பள்ளியிலிருந்து அறுபது பிள்ளைகள் வந்தார்கள். வந்ததுமே நோட்டைத் திறக்கச் சொல்லிவிட்டார் டீச்சர்: 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரக் காலம், சின்ன பொம்மு நாயக்கர். எல்லோரும் குனிந்து எழுத, ஒரு சின்னப் பெண் மட்டும் அண்ணாந்து விதானத்தில் செதுக்கிய கல் கிளிகளைப் பார்த்து, "மிஸ், இந்தக் கிளியெல்லாம் தலைகீழா தொங்குதே, விழுந்துடாதா?" என்று கேட்டாள். "முதல்ல எழுதும்மா." அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் அகழிப் பக்கம் போய்விட்டார்கள்.

அந்த டீச்சர்மேல் எனக்குக் கோபம் இல்லை, இந்த ஊர் வெயிலில் அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது என்ன பாடு என்று தெரியும். ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது இன்னும் மனதை உறுத்துகிறது.

தமிழாசிரியர்களுக்குத் தெரியாததில்லை, தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளில், ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. இதில் சிறுமையையும் சேர்த்தார்களே, அதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிலிர்க்கும். கோபுரத்தைப் பார்த்து யாரும் வாய் பிளப்பார்கள், குட்டிக் கிளியைப் பார்த்து நிற்க ஒரு மனசு வேண்டும். ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாக ஆவது, இங்கே கருங்கல் குதிரையாகிப் பின்னங்காலில் எழுந்து நிற்கிறதே, அதுபோல. இந்த மருட்கையை 'மதிமை சாலா' என்கிறது அந்தச் சூத்திரம். அதாவது, கண்டதை அறிவு இன்னும் பிடிக்கவில்லை, தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் வருவதற்கு முன்பே விடையை எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளை எதைத் தேடிப் பார்க்கும்?

சரி, வியப்பு மட்டும் போதுமா என்றால் போதாது. 'அடேங்கப்பா' என்று சொல்லி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் தினம் பார்க்கிறேன். நின்று, சிற்பி இதை எப்படிச் செய்தான் என்று கேட்கும்போதுதான் ரசனை ஆரம்பிக்கிறது, உங்கள் ஆண்டும் பெயரும் அங்கேதான் வேண்டும். ஒரு கிளியின் அலகு உடைந்தால் ஒட்டவைக்க முடியாது என்று சொல்லுங்கள். இதே கோயிலை ஆங்கிலேயப் படை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தது, பூஜையே இல்லாமல் வெகுகாலம் கிடந்தது, 1981இல்தான் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது என்று அப்புறம் சொல்லுங்கள். பிள்ளைகள் மறுபடி அண்ணாந்து பார்ப்பார்கள்.

முடிந்தால் ஒருமுறை மகேந்திரவாடிக்கும் கூட்டிப் போங்கள். ஒரே பாறையைக் குடைந்து கோயில் எடுத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கு விசித்திரசித்தன், அதாவது விசித்திரமான எண்ணங்கள் கொண்டவன், என்றே ஒரு பட்டம் உண்டு.

நான் கேட்பது பத்து நிமிஷம், நோட்டைப் பையிலேயே வைத்துவிட்டு. நேரம் போதாதென்றால் அகழியில் குறைத்துக்கொள்ளலாம், அதைப் போகும்போது பஸ்ஸிலிருந்தே காட்டிவிடலாம்.