அண்ணனுக்கு: போட்டை விற்றுவிடு

அண்ணே,

லிஸ்பனுக்குப் போய் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. கூரியரில் வருகிறது. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, அதற்குள் போட்டை நல்ல கைக்கு மாற்றிவிடு. ஏன் இத்தனை நாள் இழுத்தடித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போனிலேயே முடிந்திருக்கும்.

ஒரு காரணம் உனக்குத் தெரியும். சித்தி மகன் இதைப் படிக்கிறான், அதனால் அது இங்கே வேண்டாம். இன்னொரு காரணம், போன தடைக்காலத்தில் நீ வந்தபோது போர்ட்டோவிலிருந்து மெட்ரோ பிடித்துக் கூட்டிப்போனேனே, மதோசின்யோஸில் அந்த மீன் கடைத் தெரு.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. வாசலுக்கு வாசல் கரி அடுப்பு, கல் உப்பைத் தவிர எதுவும் படாத சாளை, நெய் சொட்டச் சொட்டக் கிளம்பும் புகை. உள்ளே ஐஸ் பரப்பிய மேஜையில் மீன்கள், ஒவ்வொன்றுக்கும் கிலோ விலைச் சீட்டு. கைகாட்டினால் எடை போட்டு அடுப்புக்கு அனுப்புவார்கள். நீ கைகாட்டவில்லை, நேரே கைவைத்தாய். நம் கொடுவா ஜாடையில் இருக்குமே ரொபாலோ, அதன் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்தி, "இது நேத்து மீனு" என்று அடுத்ததற்குப் போனாய். அடுத்ததும் உனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் அடுத்ததில்தான் செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"கையை எடுண்ணே" என்றேன். தமிழில்தான் சொன்னேன். ஆனால் தமிழ் தெரியாதவனுக்கும் புரிகிற குரல் அது.

நீ விரலை பேன்ட்டில் துடைத்துக்கொண்டாய். அடுப்படியில் நின்ற பெரியவர் வந்தார். நீ பொறுக்கிய மீனின் செவுளைத் தானும் திறந்து பார்த்தார். உன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு அதையே எடைக்குப் போட்டார். நான் மெனு அட்டைக்குள் முகத்தை வைத்திருந்தேன். இதெல்லாம் நான் கவனிக்கவில்லை என்று உனக்கு நினைப்பு. எல்லாவற்றையும் பார்த்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தால் கை வேறு எதையோ எழுதுகிறது. பின்னால் வரிசையில் என் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள், அது உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் மூக்கைப் பொத்துவான், அதுவும் தெரியாது. உன்னை அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். என்னை ஏலக் கூடத்துப் பக்கமே வரவிடவில்லை. இரண்டையும் முடிவு பண்ணியது அவர். கணக்கு மட்டும் எப்போதும் என் பெயரில்.

ஆனாலும் அன்றைக்கு உன்னோடு சாப்பிட்ட மாதிரி பிறகு நான் எங்கேயும் சாப்பிடவில்லை. பெர்செபெஸ் வந்தது. அலை அறையும் பாறையில் உயிரைப் பணயம் வைத்துச் சுரண்டி எடுப்பார்கள், அதனால்தான் அந்த விலை என்றேன். நீ ஒன்றைத் திருகினாய், தண்ணீர் என் சட்டையில் பீய்ச்சியது. "போட்டு அடியில ஒட்டுற கொட்டலசோட சொந்தக்காரன்டா இது! நாம கூலி குடுத்து சுரண்டுறோம், இவனுங்க காசு குடுத்து திங்கிறானுங்க" என்று சிரித்தாய். மட்டிச் சாற்றில் பூண்டும் மல்லியிலையும் மிதந்ததைப் பார்த்ததும் "நம்ம ஆளுங்கதான்" என்றாய். மிளகாய் மட்டும் இல்லை. நமக்கு அதைக் கப்பலில் கொண்டுவந்ததே இந்தப் போர்ச்சுகீசியர்கள்தான் என்றேன், நீ நம்பவில்லை. கேட்காமலே மேஜைக்கு வந்த ரொட்டியையும் ஆலிவையும் பில்லில் பார்த்து நீ போட்ட சத்தம் வேறு! தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு கிடையாது என்பதை நான் முன்பே சொல்லியிருக்கலாம்தான்.

சாப்பிட்டுவிட்டு நடந்தபோது கடற்கரை ரவுண்டானாவில் தொங்கும் பெரிய வலையைக் காட்டினேன். ஜேனட் எகல்மன் என்ற அமெரிக்கச் சிற்பி 2005-இல் அமைத்தது. வலையில் சிற்பம் செய்யும் யோசனையே அவருக்கு மாமல்லபுரத்தில் மீனவர்களின் வலைக் குவியலைப் பார்த்துத்தான் வந்தது என்று பெருமையாகச் சொன்னேன். நீ அண்ணாந்து பார்த்தாய். "மேல கட்டித் தொங்கவிட்டா பெருமை. நம்ம வாசல்ல கெடந்தா நாத்தம்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை மாதமாக விற்கச் சம்மதிக்காமல் இருந்தேன். போட்டு மேல் எனக்கும் பாசம் உண்டு என்று உனக்குக் காட்ட வேண்டியிருந்தது. நல்ல பாசம்! டீசல் காசும் வலைக் கடனும் நீ கட்டினாய், பாசத்தை நான் இங்கிருந்து வைத்திருந்தேன். அதைச் சொல்லிக்காட்ட உனக்கும் ஒருநாளும் வாய் வரவில்லை. அந்த வாய் வராததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி. என் பங்கு என்று எதையும் அனுப்பாதே. முதலில் மதினியிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடு. அது என்ன, எவ்வளவு என்பதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். தனியாகச் சொன்னால் நீ மறுத்துவிடுவாய், அதனால்தான் நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன். சித்தி மகனே, நீதான் சாட்சி. அப்புறம், எஞ்சினை உதிரியாகக் கழற்றி விற்கச் சொல்லி எவனாவது வந்தால் விரட்டிவிடு.