தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய காய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அசைவம் நல்லதா, சைவம் நல்லதா என்று இரண்டு பேரை மோதவிட்டிருந்தீர்கள். இருவரும் நன்றாகத்தான் வாதாடியிருந்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு எச்சில் தட்டுகள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என் வேலை. யார் என்ன சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது இருக்கட்டும், யார் எதை மிச்சம் வைத்தார்கள் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

நான் கறி சாப்பிடுகிறவன். என் மனைவி முட்டையைக்கூடத் தொடமாட்டார். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடமும் எங்கள் இருவர் தட்டிலும் ஒரு விஷயம் மாறாமல் இருந்தது. என் தட்டில் எலும்பு பளிச்சென்று இருக்கும், பக்கத்தில் கேரட்டும் பீன்ஸும் ஓரமாக வரிசைகட்டி நிற்கும். அவர் தட்டிலும் அதே வரிசைதான், எலும்பு மட்டும் இருக்காது. அவருக்கு வயிறு நிறைந்தது மாவுப் பண்டத்தாலும் பாலாலும் பொரித்த உருளைக்கிழங்காலும். சைவம் என்றதும் காய்கறியாகச் சாப்பிட்டுத் தள்ளுகிறவர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கறி சாப்பிடாதவர் என்பது மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். காய் சாப்பிடுகிறாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. ஒரு நாள் வீம்புக்குச் சமையலறைத் தராசை எடுத்துவைத்து நிறுத்துப் பார்த்தேன். எங்கள் இருவருடையதையும் ஒன்றாகப் போட்டாலும் ஒருவருக்கு உரிய 400 தேறவில்லை. அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

எனக்குக் காய் பிடிக்காமல் போனதற்குக் கறியின் மேல் பழி போட முடியாது. சின்ன வயதில் எனக்குக் கிடைத்த காய் எல்லாம் உயிர் போகும்வரை வெந்தவை. முட்டைகோஸ் என்றால் வாசலுக்கே வாடை வந்துவிடும். அதில் இயல்பாகவே கந்தகச் சேர்மங்கள் உண்டு. அதிக நேரம் கொதிக்கவிட்டால் அவை உடைந்து அழுகிய முட்டை வாடையைக் கிளப்பும். இது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நண்பன் ஒருவன் காய்ந்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லியதாக நறுக்கிய முட்டைகோஸை அள்ளிப் போட்டு, ஓரம் பழுப்பேறியதும் நான்கே நிமிடத்தில் இறக்கி உப்புத் தூவினான். சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றோம். கறி வறுபடும்போது வரும் அந்த மணம் இருக்கிறதே, அதற்குக் காரணமான வினையை 1912-இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவது. காய்க்கும் அது ஓரளவு நடக்கும், ஆனால் தண்ணீரில் மிதக்கவிட்டால் நடக்காது. யோசித்துப் பாருங்கள், கறியை முந்தின நாளே ஊறவைக்கிறோம், பதம் பார்க்கிறோம், பக்கத்திலேயே நின்று திருப்பிப் போடுகிறோம். காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு போன் பேசப் போய்விடுகிறோம். அப்புறம் காய்க்கு ருசி இல்லை என்கிறோம்.

என் மகன் விஷயத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். காலிஃபிளவரைக் கண்டாலே துப்புவான். "காயைத் தின்றால்தான் கோழி" என்று பேரம் பேசினேன். நான் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காய் தண்டனை, கறி பரிசு என்பதை அவனுக்கு நானே உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. அவன் துப்பியது வெறும் அடமும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார், ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அந்த வித்தியாசம் பிறவியிலேயே வருவது, ஒரு மரபணுவோடு பெரிதும் தொடர்புடையது என்று பிறகு தெரியவந்தது. முட்டைகோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி வகைகளில் இருக்கும் சில பொருள்களும் அதேபோலச் சிலர் நாக்கில் கூடுதலாகக் கசக்கும். எனக்குக் கசக்கவில்லை என்பதற்காக அவனை நடிக்கிறான் என்று திட்டியது தப்பு. குழந்தைகள் ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம் என்கிறார்கள். நாங்கள் மூன்றாவது முறையே கைவிட்டிருந்தோம்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். சைவத் தரப்பில் எழுதியவர் சாசேஜும் சிகரெட்டும் ஒன்று என்கிற தொனியில் எழுதியிருந்தார். அது சரியல்ல. 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது உண்மை. அந்தப் பிரிவு சொல்வது, புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூடும் என்று அதே அறிக்கை கணக்கிட்டது. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மேல்தான் அந்த 18. நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. இதைச் சாக்காக வைத்து நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் பாக்கெட் சாசேஜ் எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இப்போது அதை வாங்குவதில்லை. கறியை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை.

அசைவத் தரப்பில் எழுதியவர், கறி இல்லாவிட்டால் உடம்பில் தெம்பே இருக்காது என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். பருப்பும் பயறும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குப் புரதத்தில் பெரிய குறை வராது. உண்மையில் கவனிக்க வேண்டியது பி12 என்ற வைட்டமின். அதை நம்பத்தகுந்த அளவில் எந்தச் செடியும் தருவதில்லை. அதை உருவாக்குவது பாக்டீரியாக்கள், நமக்கு அது வருவது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக. கல்லீரல் அதைப் பல வருடங்களுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைவது நெடுநாள் வெளியே தெரியாது.

என் மனைவிக்குப் பாதத்தில் செருப்பு போட்டிருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாமல் போனது. ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வாசலைத் தாண்டிவிட்டார். சிரித்தோம். பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது சிரிப்பு நின்றது. கடைசி சில வருடங்களாகப் பாலையும் நிறுத்தியிருந்தார், அதுதான் வினை. மருந்து எடுத்துக்கொள்ளத் தயங்கினார், அது மிருகத்திலிருந்து எடுப்பதோ என்று. பாக்டீரியாவை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு சம்மதித்தார். கால் தேறிவிட்டது. சைவத்தை அவர் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் இருவருமே தள்ளிவைத்துவிட்டோம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ தடையாக இருக்கும், எலுமிச்சைச் சாறு உதவும்.

இன்னொன்று. விருந்துக்குப் போனால் அவரிடம், "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்காதவர் இல்லை. அவர் பக்கத்துச் சொந்தக்காரர்களில் சிலர் நான் சாப்பிட்டு எழுந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நானும் யோக்கியனில்லை. கறி கிண்டிய கரண்டியைத் தன் பாத்திரத்தில் போடாதீர்கள் என்று அவர் சொன்னபோது, "கழுவித்தானே போடுகிறேன்" என்று பல வருடம் சிரித்திருக்கிறேன். இப்போது அவருக்கென்று மரக்கரண்டி ஒன்று தனியாகத் தொங்குகிறது. அதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை இதே விஷயத்துக்குப் பக்கம் ஒதுக்கும்போது, சைவமா அசைவமா என்ற சண்டைக்குப் பதில், எந்தக் காயை எவ்வளவு நேரம் அடுப்பில் வைக்கலாம் என்று நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். முதலில் காலிஃபிளவர். நேற்று மகன் நான்கு துண்டு மிச்சம் வைத்திருந்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்