மொத்தமாக ஒரு விலை சொன்னால் தலையாட்டிவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

உன் மெயில் பார்த்தேன். காமிக்ஸ் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று நீ முடிவெடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. நான் ஆசையாகச் சேர்த்தது என்பதற்காக உன் வீட்டில் ஒரு அறையை அது அடைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன, விற்று உனக்கு உபயோகமானதைச் செய். ஆனால் ஒரு டீலர் வந்து பார்த்துவிட்டு எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார், சரி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இப்போதைக்குச் சொல்லாதே.

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. வாங்கி, தரம் பிரித்து, மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்து விற்க வேண்டிய ஆள், அதனால் கடைசியில் விற்கப்போகிற விலையில் ஒரு பங்கைத்தான் உனக்குத் தர முடியும், அது அவர் தொழில். ஆனால் பத்து நிமிஷம் பெட்டியைப் புரட்டியபோதே எந்தெந்தப் புத்தகத்துக்காக அந்தத் தொகையைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாது. அந்த வித்தியாசம்தான் உன் நஷ்டம். அதனால் கையில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது உனக்கே புத்தகம் புத்தகமாகத் தெரிகிறவரை யாரிடமும் விலை பேசாதே.

பழசு என்றாலே காசு என்று நினைத்துக்கொள்ளாதே, இதில்தான் நிறைய பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். 1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அதற்கு அடுத்த வருஷம் சூப்பர்மேன் இறந்துபோகிற 75-ஆம் இதழை, கறுப்பு உறையைக்கூடப் பிரிக்காமல், பின்னால் விலை ஏறும் என்று உலகமே வாங்கிப் பத்திரப்படுத்தியது. எல்லோரும் பத்திரப்படுத்தியதற்கு எப்படி விலை ஏறும்? தொண்ணூறுகளின் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான், அவற்றை மொத்தமாகவே தள்ளிவிடு, அதில் நேரத்தைச் செலவழிக்காதே. விலை போவது, பிள்ளைகள் படித்துக் கிழித்துத் தூக்கிப் போட்ட காலத்துப் புத்தகங்களில் தப்பிப் பிழைத்தவை, அதிலும் ஒரு பாத்திரம் முதன்முதலாகத் தலைகாட்டுகிற இதழ்கள். அவற்றைக் 'கீ' இதழ் என்பார்கள். இந்தச் சேகரிப்பில் அப்படிப்பட்டவை கைவிரலில் எண்ணிவிடுகிற அளவுதான் இருக்கும், ஆனால் மொத்த மதிப்பில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. டீலர் சொன்ன தொகையும் அவற்றை வைத்துத்தான்.

உதாரணத்துக்கு, இரண்டாவது பெட்டியில் இன்க்ரெடிபிள் ஹல்க் 181 இருக்கிறது, 1974-ல் வந்தது. எக்ஸ்-மென் கூட்டத்தில் பின்னால் சேர்ந்த வுல்வரின் முந்தைய இதழின் கடைசிக் கட்டத்தில் சும்மா தலைகாட்டுவான், முழுசாக வருவது இந்த 181-ல்தான், அதனால் 'கீ' இதழ் என்பது இதைத்தான். அந்தக் காலத்தில் இதை வெளியிட்ட மார்வெல் கம்பெனிக்காரர்கள் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு ஸ்டாம்ப் அச்சடித்து, வெட்டி எடுத்து ஒட்டிச் சேர்க்கச் சொன்னார்கள், பிள்ளைகளும் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே அந்தச் சின்னச் சதுரம் மட்டும் இருக்காது, பாதி விலைக்கும் கீழே போய்விடும். நம்முடையதில் ஸ்டாம்ப் அப்படியே இருக்கிறது. அதனால் அந்த இதழை விற்கும்போது கடிதப் பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்துக் காட்டு, விவரம் தெரிந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். மற்ற எழுபதுகளின் மார்வெல் இதழ்களையும் இதே மாதிரி ஒரு தடவை முழுசாகப் புரட்டிப் பார்த்துவிடு, கூப்பன் வெட்டியிருக்கிறதா, நடுத்தாள் ஸ்டேபிள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா என்று.

மறுபதிப்பு விஷயத்திலும் கவனம். பெட்டியின் அடியில் பெரிய சைஸில், சூப்பர்மேன் முதன்முதலாக வந்த ஆக்ஷன் காமிக்ஸ் 1 பார்ப்பாய், பார்த்ததும் மயக்கம் போட்டுவிடாதே, அது 1974-ல் டி.சி. கம்பெனி வெளியிட்ட மறுபதிப்பு. வெளி அட்டையை எடுத்துவிட்டால் 1938-ன் அசல் போலவே இருக்கும், அளவு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். யாரிடமும் அதை அசல் என்று சொல்லிவிடாதே, ஒரு தடவை பெயர் கெட்டால் மற்ற புத்தகங்களையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது தரம், அதாவது கிரேடு. 0.5-லிருந்து 10 வரை போகிற அளவுகோல் இது. அதில் ஒரு அரைப்புள்ளி என்ன செய்யும் என்று பார். அதே ஆக்ஷன் காமிக்ஸ் 1-ன் அசல் பிரதி, 8.0 கிரேடில் இருந்தது, 2010 பிப்ரவரியில் பத்து லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த மாதமே 8.5 கிரேடு பிரதி ஒன்று பதினைந்து லட்சத்துக்குப் போனது. மறு வருஷம் 9.0 பிரதி இருபத்தோரு லட்சத்தைத் தாண்டியது. நம்மிடம் இருப்பது அந்த உயரத்தில் இல்லை, ஆனால் கணக்கு அதே கணக்குதான்.

ஆகவே புத்தகத்தைத் தொடும்போது கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடு. மேஜையில் வைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்துப் பார். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்பெல்லாம் அப்போது தெரியும். முதுகுப் பக்கத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, உள்தாள் வெள்ளையாக இருக்கிறதா அல்லது பழுப்பேறி ஓரம் உதிர்கிறதா, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள். நீ பார்க்காமல் விட்ட குறையை வாங்குகிறவர் கண்டுபிடித்துச் சொன்னால் அங்கேயே பேரம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

அப்புறம், தயவுசெய்து எதையும் சரிசெய்யப் பார்க்காதே. டேப் ஒட்டாதே, துருப்பிடித்த பின்னைக் கழற்றாதே, வெளிறிய இடத்தில் ஸ்கெட்ச் பேனா வைத்துவிடாதே. நிறம் தொட்டது தெரிந்தால், கிரேடு போட்டுத் தருகிற சி.ஜி.சி. நிறுவனத்துக்காரர்கள் வழக்கமான நீல லேபிளுக்குப் பதிலாக ஊதா லேபிள் ஒட்டிவிடுவார்கள், ஊதா என்றால் வாங்குகிறவர்கள் பின்வாங்குவார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் மனுஷர்கள் புத்தகத்தைக் கெடுக்கிறார்கள். ஆத்திரத்திலும் கெடுக்கிறார்கள்: 2013-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒருவர் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவருக்குள்ளே ஆக்ஷன் காமிக்ஸ் 1 அசல் பிரதி கிடைத்தது. குடும்பத்துக்குள் வாக்குவாதம் வந்து கையிலிருந்து பிடுங்கினதில் பின்னட்டை கிழிந்து, கிரேடு 1.5-க்கு இறங்கிவிட்டது. அப்படியும் 1,75,000 டாலருக்குப் போனது. கிழியாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ! அதனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உறையிலிருந்து எடுத்துக் காட்டுகிற வேலையே வேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லிவை.

சி.ஜி.சி. என்பது 2000-த்திலிருந்து கிரேடு போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருகிற நிறுவனம், அதைத்தான் 'ஸ்லாப்' என்பார்கள். எல்லாவற்றையும் ஸ்லாப் போடாதே. கட்டணம் இருக்கிறது, அனுப்புகிற செலவு இருக்கிறது, திரும்பி வர நாளாகும். கிரேடு வந்தபின் கிடைக்கிற கூடுதல் விலை இந்தச் செலவையெல்லாம் தாராளமாகத் தாண்டும் என்றால் மட்டும் அனுப்பு. நல்ல 'கீ' இதழ்களுக்குக் கண்டிப்பாகத் தாண்டும், ஏனென்றால் முன்பின் தெரியாதவர் உன் வார்த்தையை நம்பிப் பெரிய பணம் போட மாட்டார், அந்த எண்ணை நம்பிப் போடுவார். அனுப்புவதற்கு முன்னால் 'பிரஸ்ஸிங்' செய்வது பற்றி அனுபவமுள்ளவரிடம் கேள். சூடும் ஈரப்பதமும் கொடுத்து அழுத்தி, மை உடையாத வளைவுகளை நேராக்குகிற வேலை அது, அதை ரிப்பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. நீயே இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே!

விலை பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். ஈபேயில் கேட்கிற விலையைப் பார்க்காதே, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவை என்று தனியாக வடிகட்டிப் பார், அதே இதழ், அதே கிரேடு, அதுவும் சமீபத்தில் விற்றது. 2021 வாக்கில் விலை எல்லாம் தலைதெறிக்க ஏறி அப்புறம் இறங்கியது, அந்த வருஷத்து எண்களை மனசில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஓவர்ஸ்ட்ரீட் என்கிற காமிக்ஸ் விலைக் கையேடு 1970-லிருந்து வருகிறது, எந்த இதழ் முக்கியம் என்று தெரிந்துகொள்ள அதைப் போல உதவுவது வேறில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வருவது, விலைக்கு விற்பனைக் கணக்கையே நம்பு. ஒரு பாத்திரத்தை வைத்துப் படம் வருகிறது என்று அறிவிப்பு வந்ததும் அதன் முதல் இதழ் விலை ஏறும், படம் வெளியான பிறகு பெரும்பாலும் இறங்கும். விற்பதாக இருந்தால் அந்தப் பேச்சு சூடாக இருக்கும்போதே விற்றுவிடு, இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்காதே.

எங்கே விற்பது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பெரிய 'கீ' இதழ்களை ஹெரிடேஜ், காமிக் கனெக்ட் மாதிரி ஏலக்காரர்களிடம் கொடு, கமிஷன் எவ்வளவு, எந்த ஏலத்தில் வைப்பார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். கமிஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படாதே, நல்ல புத்தகம் கையில் இருக்கும்போது குறைக்கத்தான் செய்வார்கள். நடுத்தர விலை இதழ்களை நீயே ஈபேயில் போடலாம், உழைப்பு அதிகம், ஆனால் கைக்கு வருவதும் அதிகம். தொடர் எண்களாக இருப்பவற்றைப் பிரிக்காமல் செட்டாக விற்றுவிடு. கடைசியில் மிஞ்சுகிற குவியலுக்கு அதே டீலரைக் கூப்பிடு, அப்போது அவர் சொல்கிற விலை நியாயமா இல்லையா என்று உனக்கே தெரியும். முன்னாடியே அவர் 'கீ' இதழ்களை மட்டும் தனியாகக் கேட்டால் எடுக்க விடாதே, மொத்த மதிப்பில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. விற்ற வருமானத்துக்கு வரி உண்டா என்று உன் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அனுப்பும்போது உறையோடு இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே, அசையாதபடி வைத்துப் பெட்டியில் போடு. டேப் உறையில் படவே கூடாது, பிரிக்கிறவர் டேப்பை இழுக்கும்போது அட்டையும் கூட வந்துவிடும். முழு மதிப்புக்கும் இன்சூரன்ஸ் போடு. பணம் உன் கணக்கில் வந்து நின்ற பிறகுதான் புத்தகம் வீட்டை விட்டுப் போக வேண்டும், அவசரம் என்று யார் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

முதலில் இரண்டாவது பெட்டியைத் திற. ஒவ்வொன்றாக முன்னட்டை, பின்னட்டை, முதுகு என்று படமெடுத்து அனுப்பு, நான் பார்த்து எதைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா